தட்டைப் பார்த்து நிறம் வைக்கச் சொன்னவர்

செய்தி வந்தபோது நான் இடது கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்புரை எடுத்து மூன்றாம் நாள். குனியக் கூடாது, தும்மக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பந்தலூரிலிருந்து பரமேஸ்வரிதான் போன் செய்தாள். "அக்கா, ஸ்டுடியோ அய்யா காலையில போயிட்டாருங்க. நாளைக்குத் தேவர்சோலையில அடக்கம்" என்றாள். நான் "சரி" என்றேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நின்றேன். ஜன்னலைத் திறந்தேன், சாத்தினேன், மறுபடி திறந்தேன். உட்காரச் சொன்ன மருமகளிடம் எரிந்து விழுந்தேன். கண்ணைக் காரணம் காட்டி அடக்கத்துக்குப் போகாமல் இருந்துவிட்டேன். கண் ஒரு சாக்குதான். அந்த ஊர் ஜனங்களுக்கு நடுவில், அவர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அவர் மகன் அந்தோணி முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் போடுகிறான். "அப்பாவப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க அத்தை" என்று கேட்டான். ஆரோக்கியசாமியைப் பற்றி நல்ல வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. உங்களில் பாதிப் பேருடைய கல்யாணப் படம் அவர் எடுத்ததுதான். ஆனால் உங்களில் பலர் அவரை முதுகுக்குப் பின்னால் "சாயக்காரர்" என்று கூப்பிட்டீர்கள். அந்தப் பேர் எப்படி வந்தது என்று பாதி தெரிந்துகொண்டு கூப்பிட்டீர்கள். மீதிப் பாதி எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லாமல் நல்ல வார்த்தை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

நான் கோயமுத்தூரில் ஒரு கலர் லேபில் பிரிண்ட் போடும் வேலையில் இருந்தேன். இருட்டறையில் நெகட்டிவை மெஷினில் மாட்டி, கலர் ஃபில்டர்களைக் கூட்டிக் குறைத்து, முகம் முகமாக வரும்வரை காகிதத்தில் போட்டுப் பார்ப்பது என் வேலை. கூடலூர் பக்கத்து மலையில் அப்போதுதான் கலர் படம் பரவிக்கொண்டிருந்தது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து லாரியிலும் பஸ்ஸிலும் நெல்லியாளம் பக்கத்துத் தோட்டங்களில் வந்து இறங்கிய குடும்பங்கள் ஏராளம். ஒரே வீட்டில் புருஷனுக்கு இந்தியாவுக்குப் போகக் காகிதம் வந்திருக்கும், பெண்டாட்டிக்கு வந்திருக்காது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. அதனால் படம் எடுப்பது அவர்களுக்கு அலங்காரம் இல்லை. இங்கே உயிரோடு இருக்கிறோம், பார்த்துக்கொள் என்று கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பும் சாட்சி. அந்தப் படங்களை எடுத்தவர் தேவர்சோலையில் ஸ்டுடியோ வைத்திருந்த ஆரோக்கியசாமி.

இரண்டு வருடம் நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஃபிலிம் வரும் பழுப்புக் கவரின் மேல்தான் எங்கள் சண்டை நடந்தது. அவர் எடுத்த படங்களில் எல்லோரும் பச்சையாக இருந்தார்கள். நான் ஒருமுறை கோபத்தில், "மறுபடியும் பச்சை. அங்கே இருப்பது மனிதர்களா, கிளிகளா?" என்று எழுதி அனுப்பினேன். அடுத்த கவரில், "இன்னும் பன்னிரண்டு கிளிகள் அனுப்பியிருக்கிறேன். மூக்கு சிவப்பாக வர வேண்டும்" என்று பதில் வந்தது. இருட்டறையில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

குற்றம் அவருடையது இல்லை. மழை பெய்து விட்டபின் வெயில் அடித்தால் தேயிலை பளபளவென்று இருக்கும். இடுப்பு உயரச் செடிகளுக்கு நடுவில் ஒரு ஆளை நிறுத்தினால் இலையில் பட்ட வெயில் கீழிருந்து எழும்பித் தாடையிலும் கழுத்திலும் மூக்குக்கு அடியிலும் பச்சையாக விழும். நெற்றியில் வானத்து நீலம் விழும். நம் கண் அதைக் கண்டுகொள்ளாது, மனுஷ முகம் என்று சமாதானம் செய்துகொள்ளும். ஃபிலிம் சமாதானம் செய்துகொள்ளாது. லேபில் நான் பச்சையைக் குறைத்தால் தாடை சரியாகும், நெற்றி ரோஜா நிறத்துக்குப் போய்விடும். நெற்றியைச் சரிசெய்தால் தாடை பாசி பிடித்துவிடும். "தேயிலை சும்மா நிக்காதுங்க அம்மிணி, எட்டி வந்து தாவாங்கட்டையப் புடிக்கும்" என்று பிற்பாடு அடிக்கடி சொல்வார்.

செடியை விட்டு ரோட்டில் நிறுத்தி எடுக்கலாம். ஜனங்கள் சம்மதிக்க வேண்டுமே. இந்தியாவில் தேயிலையே இல்லை, வெறுங்காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று அந்தக் கரையில் ஒரு பேச்சு இருந்தது. அதனால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் கொழுந்தோடு நின்றுதான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஆரோக்கியசாமி அந்தப் பிடிவாதத்தை மதித்தார். தன்னால் குறைக்க முடிந்ததைக் குறைத்தார். அவர் சட்டையைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறம் தவிர வேறு நிறத்தில் அவரிடம் சட்டையே இல்லை. எதிரே நிற்பவன் சட்டையும் முகத்தில் விழும் என்பார். சொந்த மகன் கல்யாணத்துக்கும் சாம்பல் சட்டைதான். "பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால என்ர மானம் போகுதுங்க" என்று அவர் மனைவி லூர்து அக்கா என்னிடம் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. ஆளைப் படமெடுக்கப் போனால் அவர் முதலில் ஆளைப் பார்க்கவே மாட்டார். ஆளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். "முகம் மாத்தரம் படமில்லைங்க. முகத்துக்கு எதுத்தாப்புல என்ன இருக்குதோ அதுவும் படந்தான்." இதை அவர் வாயால் நான் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

இனி ராமையா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ராமையா ஏழு வயது மகளோடு நெல்லியாளம் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். மனைவி கமலம் வரவில்லை. அவளுக்குக் காகிதம் தயாராக இருந்தது. ஆனால் அவளுடைய அம்மாவுக்கு இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு நடமாட்டம் குறைவு. பார்த்துக்கொள்ள வேண்டிய மகனோ திரும்பிப் பார்க்காதவன். அம்மாவைக் கூட்டிக்கொண்டே வருகிறேன் என்று கமலம் அங்கே தங்கிவிட்டாள். வந்த சில மாதத்தில் ராமையா ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டு, மகள் பரமேஸ்வரியை, எனக்குப் போன் செய்தாளே அவளைத்தான், தேயிலைக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படத்துக்கும் பிரிண்ட் போட்டவள் நான்தான். பச்சையாகத்தான் வந்தது. முடிந்தவரை குறைத்துவிட்டு, போகட்டும் என்று அனுப்பினேன்.

கமலத்தின் கடிதம் வந்தது. ராமையா அதை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். பிள்ளையின் முகம் ஏன் பச்சை பூத்திருக்கிறது, கழுத்து அதைவிட மோசமாக இருக்கிறதே, அங்கே என்ன தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கிறீர்கள், அம்மாவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் ஏறுகிறேன் என்று எழுதியிருந்தாள். ராமையாவுக்கு வேறு பயம். "அவ அம்மாவ அங்க விட்டா அந்தக் கெழவிக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த ஆளில்லீங்க. புள்ளைக்கு ஒண்ணுமில்ல, போட்டோ தான் பிழைன்னு நீங்களே எழுதிப் போடுங்க" என்றாராம். ஆரோக்கியசாமி எழுதிப் போட்டார். அம்மா, இது தேயிலையின் நிறம், பிள்ளையின் நிறம் இல்லை, கலரை நம்ப வேண்டாம், நல்ல படம் எடுத்து அனுப்புகிறேன். கிட்டத்தட்ட இவைதான் வார்த்தைகள். பின்னால் இந்தக் கடிதமே அவருக்கு வினையாக வந்தது.

நல்ல படம் எடுப்பதற்கு ஒரு வெள்ளை வேட்டியோடு போனார். பிள்ளைக்கு முன்னால் இருக்கும் செடிகளின் மேல் வேட்டியை விரித்துவிட்டால் பச்சை எழும்பாது. படத்தின் கீழ் விளிம்புக்கு வெளியே இருப்பதால் வேட்டியும் தெரியாது. விரிக்கப் போனபோது பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட நிக்கிற புள்ளைக்கு முன்னுக்கு வெள்ளைய விரிக்காதீங்க. நாங்க சவத்துக்குத்தான் அப்படி விரிக்கிறது." நாலு பெண்கள் கூடிவிட்டார்கள். ஆரோக்கியசாமி வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். அவருக்கு யாரோடும் வாதாட வராது. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்குப் படங்குகளைப் பெண்களே அவிழ்த்துக் கொடுத்தார்கள். அவற்றைச் செடிகளின் மேல் விரித்து எடுத்தார்.

சாக்குக்கு என்று ஒரு மஞ்சள் உண்டு. அது அவருக்குத் தெரியும். லேபில் அதைக் கணக்கில் எடுக்க ஒரு வழி யோசித்து, காம்பரா என்று அவர்கள் சொல்லும் ராமையாவின் ஒற்றை அறையிலிருந்து ஒரு வெள்ளை எனாமல் தட்டை வாங்கிவந்து, பிள்ளையின் முழங்கை ஓரமாகச் சாய்த்து வைத்தார். பிள்ளை மேல் விழும் அதே வெளிச்சம் தட்டின் மேலும் விழும். தட்டு வெள்ளையாக வந்துவிட்டால் பிள்ளையின் நிறமும் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு தட்டை வெட்டிவிடலாம். இன்றைக்கு இதற்கென்றே சாம்பல் அட்டை விற்கிறார்கள். அன்றைக்கு அந்த மலையில் அதை எனாமல் தட்டால் செய்தவர் அவர்.

கவரின் மேல் இப்படி எழுதியிருந்தார்: "வலது ஓரத்தில் தட்டு இருக்கிறது. தட்டு வெள்ளையாக வரும்வரை மாற்றவும். முகத்தைப் பார்க்க வேண்டாம்."

நான் அதைப் படித்தேன். இதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். படித்தேன், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. படித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முகத்தைப் பார்த்து நிறம் வைப்பதில் அந்த லேபிலேயே நான்தான் கெட்டிக்காரி என்று பேர். முதலாளி வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து என்னைக் காட்டுவார். முகத்தைப் பார்க்காதே என்று எனக்கே ஒரு கிராமத்து ஸ்டுடியோக்காரர் எழுதுகிறாரே என்று நினைத்தேன். நெகட்டிவை மாட்டிப் போட்டுப் பார்த்தேன். முகம் மஞ்சளாக வந்தது. கவரோடு வைத்திருந்த துண்டுச் சீட்டில் சாக்கு விரித்து எடுத்த விஷயம் இருந்தது. சாக்கு மஞ்சள் என்று முடிவு செய்துகொண்டு மஞ்சளை எடுத்தேன். இன்னும் எடுத்தேன். பிள்ளை முகம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் தெளிந்து வந்தது. ஓரத்தில் தட்டு கத்திரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது. பார்த்தேன். தெரிந்துகொண்டேதான் காகிதத்தின் ஓரத்தை மறைத்துத் தட்டை வெட்டினேன்.

படம் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே ராமையா ஒரு பிரதியைத் தபாலில் சேர்த்துவிட்டார். இன்னொரு பிரதியை ஆரோக்கியசாமி ஸ்டுடியோக் கண்ணாடிக்குள் மாட்டினார். சில நாள் கழித்துப் பக்கத்தில் வேறொரு படத்தை மாட்டும்போதுதான், பரமேஸ்வரியின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை ஊதா அடித்திருப்பது அவர் கண்ணில் பட்டது. நெகட்டிவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் வந்துவிட்டார்.

சாம்பல் சட்டை, ஒல்லியான உடம்பு, தோளில் துணிப்பை. "நீங்கதானுங்களா அந்தக் கிளி அம்மிணி?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நெகட்டிவை என் மேசையில் வைத்தார்.

"இந்தப் படத்துல ஒரு தட்டு இருந்துச்சுங்களே."

"ஓரத்தில் இருந்தது. வெட்டிவிட்டேன்."

"தட்டப் பாத்து நெறம் வெக்கச் சொல்லிக் கவர்ல எழுதியிருந்தேனுங்களே. பாக்கலீங்களா?"

முதலாளி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். நான், "கவர்ல ஒண்ணும் எழுதலீங்களே" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நான் பயந்ததுபோல் சந்தேகமாகப் பார்க்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டார். "அவசரத்துல எழுதாம உட்டுட்டனாட்ட இருக்குதுங்க. நாந்தான்" என்றார். கவர் என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. அவர் முழங்கை அந்த இழுப்பறையின் மேல்தான் ஊன்றியிருந்தது.

தட்டை வைத்து மறுபடி பிரிண்ட் போட்டேன். தட்டு வெள்ளையாக வந்தது. பிள்ளை முகம் மஞ்சளாக வந்தது. கண்ணின் வெள்ளையும் மஞ்சள். சட்டை மட்டும் சுத்த வெள்ளை. "எடுக்கையிலயே கண்ணுல பட்டுச்சுங்க. சாக்கு அடிக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார் மெதுவாக. டீ வரவழைத்திருந்தேன். குடிக்காமல் கிளம்பினார். கூடலூர் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் ஜீப் பிடித்து நேரே தோட்டத்துக்குப் போயிருக்கிறார். இருட்டுக் காம்பராவில் பிள்ளை சுருண்டு படுத்திருந்ததாம். மழைக்கு உடம்பு அசதியாக இருக்கிறது என்று ராமையா நினைத்துக்கொண்டிருந்தார். வாசலுக்குத் தூக்கிவந்து கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மஞ்சள் காமாலை முற்றியிருந்தது.

நான் தெளியவைத்துக் கொடுத்த முகம் இதற்குள் கமலத்தின் கைக்குப் போய்விட்டது. மகள் நன்றாக இருக்கிறாள் என்று மனம் ஆறி, கப்பலில் தனக்குக் கிடைத்திருந்த இடத்தை வேறொரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். அம்மாவின் காகிதம் வரட்டும் என்று இருந்துவிட்டாள். பிள்ளைக்குச் சுகமில்லை என்று ராமையா எழுதி, மஞ்சளாக வந்த படத்தையும் வைத்து அனுப்பினார். கமலம் நம்பவில்லை. கலரை நம்ப வேண்டாம் என்று போட்டோக்காரரே எழுதியிருக்கிறாரே, என்னைச் சீக்கிரம் வரவழைக்க இது என்ன வேலை என்று பதில் வந்தது. நல்ல பிள்ளை நோயாளியாகத் தெரிந்தபோது நம்பினாள். நோயாளிப் பிள்ளை நோயாளியாகவே தெரிந்தபோது நம்பவில்லை. நடுவில் நான் போட்ட ஒரு பிரிண்ட் இருந்தது.

ஆரோக்கியசாமி மறுபடியும் கோயமுத்தூர் வந்தார். தட்டை வெட்டாமல் பெரிய அளவில் ஒரு பிரிண்ட் கேட்டார். அதன் பின்னால் ஒரே ஒரு வரி எழுதினார்: "பிள்ளையைப் பார்க்க வேண்டாம் அம்மா, உங்கள் தட்டைப் பாருங்கள்." விளிம்பில் எனாமல் பெயர்ந்த அந்தத் தட்டு கமலம் தன் கையால் மகளின் மூட்டையில் வைத்துக் கட்டிக் கொடுத்தது. அதன் வெள்ளை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். படத்தில் தட்டு தட்டாக இருந்தது. அப்படியென்றால் மகளும் படத்தில் இருப்பதுபோலத்தான் இருக்கிறாள் என்று புரிந்துகொண்டாள். ஆனால் விட்டுக்கொடுத்த இடம் திரும்பக் கிடைக்க நான்கு மாதம் ஆனது.

அந்த நான்கு மாதத்தில் பிள்ளை இரண்டு தடவை பிழைக்காது என்ற நிலைக்குப் போய்த் திரும்பியது. அம்மா, அம்மா என்றுதான் அரற்றிக்கொண்டிருந்ததாம். லூர்து அக்கா முறை வைத்துக் கூட இருந்தார். பிள்ளை போய்விட்டால் என்ன செய்வது என்று வந்த ஒவ்வொரு கவரிலும் முதலில் துண்டுச் சீட்டைத் தேடினேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கமலம் வந்து சேர்ந்த அன்று ராமையாவோடு ஆரோக்கியசாமியும் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். போயிருக்க வேண்டியதில்லை. போனார். இவர்தான் போட்டோக்காரர் என்று ராமையா சொன்னதும் கமலம் பையைக் கீழே போட்டாள். உங்களில் சிலர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். "மொதல்ல பச்சையடிச்சு அனுப்புன. அப்புறம் சாயம் பூசி அனுப்புன. சாகக் கெடந்த எம்புள்ளய எனக்கு ராசாத்தி மாதிரி காட்டுனியே, நீ வெளங்குவியா" என்று ஊரே திரும்பிப் பார்க்க ஏசினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஆமாங்க. என் தப்புத்தானுங்க" என்றார். லேபில் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கவரில் தான் எழுத மறந்ததால் வந்த வினை என்று அவர் உண்மையாகவே நம்பினார். நான் சொன்னதை நம்பினார்.

அன்றிலிருந்து அவர் சாயக்காரர் ஆனார். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் ரொம்ப நாள் அவரைக் கூப்பிடவில்லை. கூடலூரில் வேறு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அங்கே எடுத்ததும் பச்சையாகத்தான் வந்தது என்பது வேறு விஷயம். ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கமலம் மட்டும் வரவில்லை.

அவர் அனுப்பிய கவர்களில் ஒரு மாற்றம் வந்தது. மேலே ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, உள்ளே சீட்டில் ஒரு தடவை என்று ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் எழுத ஆரம்பித்தார். "இவருக்கு இப்பெல்லாம் மறதிங்க, அவரே சொல்லிக்கறாரு" என்று லூர்து அக்கா சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மனிதருக்குச் சாகும்வரை மறதி கிடையாது. எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று சொல்வார். தனக்கு மறதி என்று அவரை நம்பவைத்தவள் நான்.

நாங்கள் நல்ல சிநேகிதர்கள் ஆனோம். அவர் மாதம் ஒருமுறை கீழே வருவார். நான் லீவு கிடைத்தால் மேலே போவேன். ஒருமுறை நாடுகாணிப் பக்கம் ஒரு பெண்ணைப் படமெடுக்கக் கூட்டிப்போனார். செடியை விட்டுத் தள்ளி, தார் ரோட்டின் நடுவில் நிறுத்தி, மேகம் வெயிலை மறைக்கும்வரை முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார். எனக்குக் கால் வலித்தது. "வெளிச்சத்துக்கும் அவசரம் இல்லீங்க, நமக்கு எதுக்கு" என்றார். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "அந்தக் கவர்" என்றேன். "எந்தக் கவருங்க?" என்று திரும்பினார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். மேகம் வந்துவிட்டது. அவர் கேமராவுக்குள் குனிந்துவிட்டார்.

பரமேஸ்வரியின் கல்யாணத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். பிள்ளைக்கு அவர் மேல் பிரியம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன கை அல்லவா. அந்த ரோல்களுக்கும் நான்தான் பிரிண்ட் போட்டேன். மாப்பிள்ளை இருக்கிறார், ராமையா இருக்கிறார், பின்னால் வந்து சேர்ந்த பாட்டியும் நாற்காலியில் இருக்கிறாள். பெண்ணின் அம்மா ஒரு படத்திலும் இல்லை. தாரை வார்க்கும் படத்தில் சேலை முந்தானை ஒன்று ஓரத்தில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கேமரா திரும்பும்போதெல்லாம் எழுந்து போயிருக்கிறாள். "அந்தம்மா வரலீங்க. வற்புறுத்துனா நல்லா இருக்காது" என்று ஆரோக்கியசாமி சாதாரணமாகச் சொன்னார். நான் அந்த ஆல்பத்தை முடிக்கப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் வேலை போய்விடும் என்று பயம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்தப் பயம் போய்விட்டது, வெட்கம் இருந்தது. அப்புறம் பழைய கதைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன வருடம் அவருக்கு உடம்பு படுத்தியபோது போய்ப் பார்த்தேன். "நல்ல பிரிண்டுக்காரிங்க நீங்க, மூஞ்சியப் பாத்தே வெச்சுருவீங்க" என்று கட்டிலில் இருந்துகொண்டு சொன்னார். அப்போதும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்க வேண்டியவர் இல்லை. என் மேல் எனக்கு வரும் கோபத்துக்கு ஒரு அளவே இல்லை.

கண்கட்டு அவிழ்த்த மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மலை ஏறினேன். பரமேஸ்வரி என்னை நெல்லியாளத்துக்குக் கூட்டிப்போனாள். கமலம் அக்காவுக்கு இப்போதும் காது நன்றாகக் கேட்கிறது, கால்தான் சரியில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் இழுப்பறையிலிருந்து எடுத்து இத்தனை வருடம் பீரோவில் வைத்திருந்த கவரை அவர் மடியில் வைத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியும். படித்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பரமேஸ்வரி எழுந்து உள்ளே போய்விட்டாள். கமலம் அக்கா என்னை ஏசுவார் என்று நினைத்தேன், அதற்குத்தான் போனேன். அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத அந்த மனுசன் இருக்கையில சொல்லியிருக்கலாமே தங்கச்சி. நான் எம்மகளோட ஒரு போட்டோவுக்கு நின்னிருப்பேனே."

கவரை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவரு கேமராவ இன்னும் வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். அந்தோணி வைத்திருக்கிறான் என்றேன். தலையை ஆட்டினார்.

அந்தோணி, உன் அப்பாவின் கையெழுத்தில் ஏதாவது இருந்தால் மலரில் போடலாம் என்று கேட்டாய். கவரை இத்தோடு அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் போடு. உன் அப்பா எழுத மறக்கவில்லை என்று ஊர் பார்க்கட்டும். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது, இழுப்பறையின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு "நாந்தான்" என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வேண்டியவள் நான்.